பாடந்தோறும் ஒரு மொழி: இடைநிலைப்பள்ளி மாணவரின் வாசிப்பும் எழுத்தும்

வாசிக்கக் கற்பது ஒன்று. வாசித்துக் கற்பது மற்றொன்று. எழுத்தைக் கூட்டிச் சொல்லாகவும் சொல்லைக் கூட்டித் தொடராகவும் ஒலிக்கத் தெரிவது முதலாவது. அத்தொடர் கூறும் புதிய செய்தியை முன்பு அறிந்ததோடு பொருத்தி, ஐயுற்று, தெளிந்து, தன் அறிவாக்கிக் கொள்வது இரண்டாவது. வாசிப்பு வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பகுத்த அமெரிக்கக் கல்வியியலாளர் ஜீன் சால், 1983இல் வெளியிட்ட நூலில் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கினார். ஏறத்தாழ நான்காம் ஆண்டிலிருந்து மாணவர் இரண்டாம் நிலைக்குள் அடியெடுத்து வைக்கிறார். இடைநிலைப்பள்ளியில் அவர் பெறும் கல்வி பெரும்பாலும் இந்நிலையைச் சார்ந்தே அமைகிறது.

முதலாவது கைவந்துவிட்டால் இரண்டாவது தானாகவே வந்துவிடும் என்னும் நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆகவே, ஆறாம் ஆண்டை முடித்த மாணவருக்கு வாசிப்பைக் கற்பிப்பதை நாம் நிறுத்திவிடுகிறோம். அதன் பின்னர் பாடங்களை மட்டுமே கற்பிக்கிறோம். ஒவ்வொரு பாடத்துக்கும் தனக்கென ஒரு மொழிநடை உண்டு என்பதையும், அந்நடையைக் கற்பித்தாலன்றி அது மாணவர்க்குக் கைவராது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் மாணவரை முன்வைத்தே நாம் இதனை ஆராய்வோம்.

பதின்மூன்று வயதில் நேரும் மாற்றம்

நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பயிலும் மாணவர் ஆறாண்டுக் காலம் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொள்கின்றனர். முதலாம் படிவத்தில் அடியெடுத்து வைக்கும்போது பயிற்றுமொழி மலாயாகிறது. மலாய்மொழியில் குறைந்தபட்ச அடைவுநிலையை எட்டாதோர்க்குப் புகுமுக வகுப்பு என ஓராண்டு இடைப்படுகிறது. தமிழோ அதன் பின்னர் ஒரு தனிப்பாடமாகச் சுருங்குகிறது. குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் வகுப்பு நடத்தப்படுவதற்கு 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடந்தருகிறது.

மொழி மாறுவதை அனைவரும் காண்கிறோம். அதே வேளையில் நிகழும் மற்றொரு மாற்றத்தைப் பலரும் கவனிப்பதில்லை. தொடக்கப்பள்ளிப் பாடநூலில் கதையும் உரையாடலும் படங்களும் மிகுதி. இடைநிலைப்பள்ளிப் பாடநூலில் வரையறையும் வகைப்பாடும் காரணகாரியமும் அட்டவணையும் மிகுதி. ஆக, மாணவர் ஒரே நேரத்தில் இரு எல்லைகளைக் கடக்கிறார். ஒன்று தமிழிலிருந்து மலாய்க்கு. மற்றொன்று அன்றாட மொழியிலிருந்து பாடத்துறை மொழிக்கு. அவர் இடறும்போது, முதல் எல்லையில்தான் இடறினார் என்று முடிவுசெய்து, மலாய்மொழிக்குத் துணைவகுப்பு ஏற்பாடு செய்கிறோம். இடறியது இரண்டாவது எல்லையில் எனின், அத்துணைவகுப்பு பாதிப் பயனையே தரும்.

15 வயது மாணவரை அளவிடும் பீசா என்னும் அனைத்துலக மதிப்பீட்டில் மலேசியாவின் வாசிப்புச் சராசரி 2018இல் 415ஆக இருந்தது. 2022இல் 388ஆகக் குறைந்தது. இடையே பெருந்தொற்றுக் காலப் பள்ளி அடைப்பு நேர்ந்ததை மறத்தலாகாது. இவ்வெண்கள் எல்லா இன மாணவரையும் உள்ளடக்கியவை. தமிழ் மாணவரை மட்டும் சுட்டுவன அல்ல. ஆயினும் ஒன்று தெளிவு. அம்மதிப்பீடு எழுத்துக்கூட்டும் திறனை அளப்பதன்று. வாசித்ததைக் கொண்டு சிந்திக்கும் திறனை அளப்பது. பயிற்றுமொழியையே வீட்டு மொழியாகக் கொண்ட மாணவர்க்கும் இத்திறன் தானாக வாய்ப்பதில்லை.

கணிதத்தில் வேற்றுமை உருபு

கணிதத்துக்கு எண்களே போதும், மொழி தேவையில்லை என்பர். ஆனால் கணித வினாவில் மிகச் சிறிய மொழிக்கூறே விடையைத் தீர்மானிக்கிறது. '5ஆல் 20ஐ வகு' என்றால் விடை 4. '5ஐ 20ஆல் வகு' என்றால் விடை கால். எண்கள் அவையே, வரிசையும் அதுவே. உருபுகள் இடம் மாறியதும் விடை மாறிவிடுகிறது. '50 ரிங்கிட் சட்டையின் விலை 20 ரிங்கிட் குறைந்தது' என்றால் புதிய விலை 30 ரிங்கிட். '20 ரிங்கிட்டாகக் குறைந்தது' என்றால் புதிய விலை 20 ரிங்கிட். 'ஆக' என்னும் ஈற்றைக் கவனியாத மாணவர் கழித்தலை நன்கு அறிந்திருந்தும் பிழையான விடையையே தருவார்.

மலாயில் இவ்வேலையைச் செய்வன உருபுகள் அல்ல; முன்னிடைச் சொற்களும் சொல்வரிசையும் ஆகும். வகுத்தல் கட்டளையில் 'டெங்ஙான்' என்னும் சொல்லுக்கு முன் நிற்பது வகுபடும் எண். பின் நிற்பது வகுக்கும் எண். விலை குறைந்த அளவைச் சுட்ட 'செபாஞாக்' வரும். குறைந்து சென்றடைந்த தொகையைச் சுட்ட 'கெபாடா' வரும். தமிழில் உருபு பொருளைக் காத்துநிற்பதால் சொற்களை இடம் மாற்றி அமைக்கலாம். மலாயில் அவ்வாறு மாற்றவியலாது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் மாணவர்க்கு இவ்வேறுபாட்டை ஒரு பாடவேளையில் விளக்கிவிடலாம். விளக்காவிடில், அவர் கணிதத்தில் பின்தங்கியவர் எனப் பிழையாகக் கணிக்கப்படுவார்.

அறிவியலில் தொழிற்பெயர்

அன்றாடப் பேச்சில் 'தண்ணீர் காய்ந்துவிட்டது' என்கிறோம். அறிவியல் நூல் 'ஆவியாதலின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது' என்கிறது. நிகழ்ச்சி ஒரு பெயராகிவிட்டது. பெயரானதும் அதற்கு வேகம் உண்டு, காரணம் உண்டு, அளவு உண்டு. நிகழ்ச்சிகளை இவ்வாறு பெயராக்கி அவற்றிடையே தொடர்பு காண்பது அறிவியல் நடையின் அடிப்படை இயல்பு. இப்பெயராக்கத்தை நம் இலக்கணம் தொழிற்பெயர் எனக் கூறும். தமிழ் மாணவர் இதனைத் தொடக்கப்பள்ளி முதலே அறிவர். ஆனால், இலக்கண வினாவுக்குரிய ஒன்றாக மட்டுமே அறிவர்.

மலாய்மொழி இதே செயலை ஒட்டுகளால் நிகழ்த்துகிறது. 'செஜாட்' என்னும் அடிச்சொல்லிலிருந்து 'மெஞெஜாட்' என்னும் வினை பிறக்கிறது. அதனின்று 'பெஞெஜாத்தான்' என்னும் பெயர் அமைகிறது. ஆவியாகு, ஆவியாதல் என்பது போன்ற உறவே இது. இவ்வொப்புமையை ஒருமுறை கண்டுகொண்ட மாணவர், அறிமுகமற்ற நீண்ட சொல்லைக் கண்டு மருளாமல் அதன் முன்னொட்டையும் பின்னொட்டையும் நீக்கி அடிச்சொல்லைத் தேடுவார்.

கருதுகோள் எழுதுவதிலும் இவ்வொப்புமை துணைசெய்யும். 'வெப்பநிலை கூடக்கூட ஆவியாதலின் வேகமும் கூடும்' என்று தமிழில் எச்சத்தை அடுக்கிக் கூறுகிறோம். மலாயில் 'செமாகின்' என்னும் சொல் இருமுறை வந்து இதே தொடர்பைக் காட்டும். ஒன்று மாற மற்றொன்று மாறுகிறது என்னும் கருத்து மாணவரிடம் முன்பே உண்டு. அதற்குரிய மலாய் வாய்பாட்டைத் தருவது அறிவியல் ஆசிரியரின் பணி.

எளிய சொற்களும் அறிவியலில் இடர் தருவதுண்டு. சுமையைத் தூக்கியபடி அசையாமல் நிற்பவர், இயற்பியல் வரையறையின்படி அச்சுமையின் மீது வேலை எதுவும் செய்யவில்லை. தமிழின் 'வேலை'யும் மலாயின் 'கெர்ஜா'வும் அன்றாட வழக்கில் வேறு பொருள் தருவன. கடினமான சொல்லை மாணவர் அகராதியில் தேடுவார். தெரிந்த சொல் என்று எண்ணியதைத் தேடமாட்டார். ஆகவே, தெரிந்த சொல்லின் தெரியாத பொருளை ஆசிரியரே சுட்டிக்காட்டவேண்டும்.

வரலாற்றில் மறையும் வினைமுதல்

எஸ்.பி.எம். சான்றிதழ் பெறுவதற்கு மலாய்மொழியோடு வரலாற்றிலும் தேர்ச்சி பெறுவது 2013ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்டது. எனவே, வரலாற்று நூலை வாசித்தறியும் திறன் ஒரு மாணவரின் பள்ளிக்கல்வி முழுமைக்கும் உரிய சான்றோடு பிணைந்துள்ளது. ஆயினும், வரலாறு மனனத்துக்குரிய பாடம் என்னும் எண்ணமே இன்றும் மேலோங்கி நிற்கிறது.

வரலாற்று நடையின் இயல்புகள் இரண்டை மட்டும் இங்குக் காண்போம். முதலாவது, செயல் பெயராகும்போது செய்தவர் மறைந்துவிடுதல். 'ரெசிடென்ட்டின் நியமனம்' என்னும் தொடரில் நியமித்தவர் யார் என்பது இல்லை. மலாயில் 'லாந்திக்' என்னும் வினை 'பெலாந்திக்கான்' என்னும் பெயராகும்போதும் இதுவே நிகழ்கிறது. அறிவியலில் வினைமுதல் மறைவதால் இழப்பொன்றும் இல்லை. வரலாற்றிலோ, யார் செய்தார் என்பதே தலையாய வினா. இரண்டாவது, காரணம் வினைச்சொல்லுக்குள் ஒடுங்கி நிற்றல். 'ஆகவே', 'ஏனெனில்' என்று வெளிப்படையாக வந்தால் மாணவர் காரணத்தைக் கண்டுகொள்வர். 'வழிவகுத்தது', 'தூண்டியது', 'வலுவூட்டியது' என வரும்போது கண்டுகொள்வதில்லை.

தொடரமைப்பாலும் இடர் நேர்வதுண்டு. தமிழில் அடைமொழி பெயருக்கு முன் வரும். 'பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட பர்ச்' என்போம். மலாயில் பெயர் முன்னே நிற்க, 'யாங்' என்னும் சொல்லால் தொடங்கும் விளக்கம் பின்னே வரும். அவ்விளக்கம் எங்கே முடிகிறது, முதன்மை வினை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறியாத மாணவர், ஒருவர் செய்ததை மற்றொருவர் மேல் ஏற்றிப் பொருள்கொள்வார்.

யாருடைய பொறுப்பு?

1975இல் இங்கிலாந்தில் ஆலன் புல்லக் தலைமையிலான குழு, மொழிக்கல்வி பற்றிய விரிவான அறிக்கையொன்றை அளித்தது. எல்லாப் பாட ஆசிரியரையும் உள்ளடக்கிய மொழிக்கொள்கை ஒன்று ஒவ்வொரு பள்ளிக்கும் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் அப்பரிந்துரை நமக்குப் பொருந்துவதாகவே உள்ளது.

'நான் வரலாறு கற்பிப்பவன். மொழி கற்பிப்பது என் பணியன்று' என்னும் மறுப்பு எழக்கூடும். அம்மறுப்பில் நியாயம் உண்டு. பாடத்திட்டம் நீண்டது; பாடவேளைகள் குறைவு; தேர்வு நெருங்கியே நிற்கிறது. ஆனால், பாட ஆசிரியர் எழுத்துப்பிழையும் இலக்கணமும் பார்க்கவேண்டும் என நாம் கேட்கவில்லை. தம் துறையின் நூலைத் தாம் எவ்வாறு வாசிக்கிறார் என்பதை மாணவர்க்கு வெளிப்படையாகக் காட்டவேண்டும் என்றே கேட்கிறோம். அதனை வேறு யாராலும் செய்ய இயலாது. ஒரு பத்தியை எடுத்து, தம் மனத்தில் எழும் ஐயங்களை வாய்விட்டுக் கூறியபடி வாசித்துக் காட்டப் பத்து நிமிடம் போதும்.

தமிழாசிரியர்க்கும் இதில் பங்குண்டு. கருத்துணர்தல் பயிற்சிக்குக் கதையையும் கவிதையையும் மட்டுமன்றி அறிவியல் விளக்கத்தையும் வரலாற்றுப் பத்தியையும் அட்டவணையையும் அவர் எடுத்துக்கொள்ளலாம்.

காண்டிகை என்னும் கருவி

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், காண்டிகையுரையின் உறுப்புகளாகக் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு ஆகியவற்றையும் வினா, விடை ஆகியவற்றையும் கூறுகிறது. நூற்பாவுக்கு உரை எழுதும் நெறி அது. இவ்வைந்தையும் பாடநூற் பத்தியை வாசிக்கும் நெறியாக மாற்றிக்கொள்ளலாம் என்பது நம் பரிந்துரை. சான்றாக, பின்வரும் பத்தியை எடுத்துக்கொள்வோம்.

'1874 ஜனவரியில் கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கை, பேராக்கில் ரெசிடென்ட் ஒருவர் நியமிக்கப்படுவதற்கு வழிவகுத்தது. சமயமும் மலாய் மரபும் நீங்கலான துறைகளில் சுல்தான் அவருடைய ஆலோசனையைப் பெற்றுச் செயற்படவேண்டும். வரி வசூலிக்கும் உரிமையிலும் அடிமைமுறையிலும் நேர்ந்த தலையீடு அதிருப்தியை வளர்த்தது. 1875 நவம்பர் 2ஆம் நாள் ரெசிடென்ட் பர்ச் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார்.'

முதலில் கருத்து. நூலை மூடிவைத்து, பத்தியின் சாரத்தை ஒரே தொடரில் மாணவர் எழுதவேண்டும்: 'ஆலோசனை கூற வந்தவர் ஆட்சியில் தலையிட்டதால் எதிர்ப்பு மூண்டது.' அடுத்துப் பதப்பொருள். 'ஆலோசனை' என்பதற்கு அன்றாடப் பொருள், ஏற்கவோ மறுக்கவோ கூடிய அறிவுரை. இங்கோ அது கேட்டு நடந்தே ஆகவேண்டிய ஒன்று. இச்சொல்லின் பொருளை உணராதவர்க்கு, அறிவுரை கூறியவரை ஏன் எதிர்த்தனர் என்பது விளங்காது. மூன்றாவது எடுத்துக்காட்டு. வரி வசூலிக்கும் உரிமையை இழந்த ஒரு வட்டாரத் தலைவரை எண்ணிக்கொண்டு, அவருடைய வருவாயும் செல்வாக்கும் என்னவாயிருக்கும் என மாணவர் விளக்கலாம்.

நான்காவது வினா. நியமித்தவர் யார்? அதிருப்தி யாருடையது? தலைவர்களுடையதா, குடிமக்களுடையதா, இரு சாராருடையதுமா? ஐந்தாவது விடை. எவ்வினாவுக்கு இப்பத்தியிலேயே விடை உண்டு, எதற்கு வேறு பக்கத்தையோ வேறு நூலையோ நாடவேண்டும் எனப் பிரித்துக் காட்டவேண்டும். நூலில் இல்லாததை இல்லை என்று அறிவதும் வாசிப்புத் திறனேயாகும்.

இதனைக் குழுவாகச் செய்வது மேலும் பயன் தரும். 1984இல் பலின்சார், பிரௌன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர், மாணவரே மாறிமாறி ஆசிரியராகி ஒரு பகுதியை முன்னூகித்தும் வினவியும் தெளிவுபடுத்தியும் சுருக்கியும் கற்கும் முறையை ஆராய்ந்து, அதனால் கருத்துணர்திறன் உயர்ந்ததைக் காட்டினர். உடன்பயில்வாரோடு பழகுதலையும், வினாவுதலையும், வினாவியவற்றுக்கு விடை பகர்தலையும் நன்னூற் பாயிரமும் கற்கும் நெறியாகக் கூறுவது இங்கு ஒப்பிட்டு நோக்கத்தக்கது.

எழுதிக் கற்றல்

வகுப்பறையில் மாணவர் நிறையவே எழுதுகின்றனர். கரும்பலகைக் குறிப்பைப் பெயர்த்து எழுதுகின்றனர். பயிற்சிநூலில் வெற்றிடம் நிரப்புகின்றனர். மாதிரிக் கட்டுரையை மனனம் செய்து எழுதுகின்றனர். இவற்றுள் மாணவரின் சொந்தத் தொடர் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் மிகச் சிலவே தேறும். அவர் எழுதும் அளவைக் கூட்டவேண்டியதில்லை. எழுதும் வகையை மாற்றவேண்டும்.

பாடவேளையின் இறுதியில் மூன்று தொடர்கள் போதும். கணிதத்தில், தாம் எடுத்த முதற்படி எது, அதனை ஏன் எடுத்தார் என எழுதலாம். அறிவியலில், சோதனையில் கண்டது எது, கண்டதிலிருந்து முடிவுசெய்தது எது எனப் பிரித்து எழுதலாம். வரலாற்றில், 'ஏனெனில்' என்னும் சொல் இடம்பெறுமாறு ஒரு காரணத் தொடர் எழுதலாம். நீண்ட கட்டுரை எழுதத் தயங்கும் மாணவரும் மூன்று தொடருக்குத் தயங்கமாட்டார். நாள்தோறும் எழுதிய மூன்று தொடர்களே பின்னர்க் கட்டுரையாக விரியும்.

திருத்தும் முறை பற்றியும் ஒன்று கூறவேண்டும். வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும் நமக்கு உயிரனையவை. ஆயினும், ஒரு பதின்ம வயது மாணவர் தாமே சிந்தித்து எழுதிய முதல் காரணத் தொடரில் நாம் முதலில் சுழிக்கவேண்டியது விடுபட்ட ஒற்றெழுத்தை அன்று. அக்காரணம் விளைவோடு பொருந்துகிறதா என்பதை முதற்கண் நோக்குவோம். பொருந்தாவிடில் ஏன் எனக் கேட்போம். கருத்து உருப்பெற்ற பின்னர் ஒற்றெழுத்தைத் திருத்தலாம். தாள் முழுதும் சிவப்பு மையைக் கண்ட மாணவர், அடுத்த முறை பிழை நேராத பாதுகாப்பான தொடரை, பெரும்பாலும் பிறருடைய தொடரை, எழுதத் தொடங்கிவிடுவார்.

தமிழின் இடம்

தமிழில் செலவிடும் நேரம் மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் இழப்பாகும் என்று அஞ்சும் பெற்றோர் உள்ளனர். பிள்ளையின் எதிர்காலம் குறித்த கவலையில் எழுந்த அச்சம் அது, எளிதாகத் தள்ளிவிடக்கூடியதன்று. கனடா நாட்டு ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் முன்வைத்த கருத்து இங்குத் துணைபுரியும். அன்றாட உரையாடல் திறன் வேறு, கல்விசார் மொழித்திறன் வேறு என அவர் பிரித்தார். ஒரு மொழியில் வளர்ந்த கல்விசார் திறன் மற்றொரு மொழிக்கும் அடித்தளமாகும் என்றும் கூறினார். பத்தியின் சாரத்தைக் காணவும், சான்றையும் முடிவையும் பிரித்தறியவும் தமிழில் பழகியவர் அப்பழக்கத்தை மலாய்க்கும் கொண்டுசெல்வார். ஆனால் சொற்களும் தொடரமைப்பும் அவ்வாறு தாமாகச் செல்வதில்லை. அவற்றைத் தனியே கற்பிக்கவேண்டும். மேலே காட்டிய வேற்றுமை உருபும் தொழிற்பெயரும் அதற்கான பாலங்கள்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. மாணவர் ஒவ்வொருவரிடமும் நான்கு பத்திகள் கொண்ட குறிப்பேடு ஒன்று இருக்கட்டும். மலாய்ச் சொல், தமிழ்ச் சொல், அப்பாடத்தில் அதன் பொருள், தாமே அமைத்த தொடர் ஆகியன அதில் இடம்பெறட்டும். வாரத்துக்கு ஐந்து சொற்கள் போதும். நம் அமைப்புகள் நடத்தும் துணைவகுப்புகளிலும் தேர்வுத்தாள் பயிற்சிக்கு முன் அரைமணி நேரத்தைக் காண்டிகை வாசிப்புக்கு ஒதுக்கலாம்.

வீட்டில் பெற்றோர் ஆற்றக்கூடியதும் ஒன்றுண்டு. அவர்க்கு அறிவியலோ வரலாறோ தெரிந்திருக்கவேண்டியதில்லை. 'இன்று வாசித்ததைத் தமிழில் சொல். விளங்காத சொல் எது என்றும் சொல்' என்று கேட்டால் போதும். மலாயில் மனனம் செய்த பத்தியை மலாயிலேயே ஒப்பித்துவிடலாம். பொருள் விளங்காமலும் அது இயலும். அதனைத் தமிழில் கூறவேண்டுமாயின் மனனம் செய்த தொடர் உதவாது. பொருளைப் புரிந்துகொண்டவர் மட்டுமே வேறொரு மொழியில் அதனைச் சொல்லவியலும். எங்கே தடுமாறுகிறாரோ அங்கேதான் அவருக்கு விளங்கவில்லை என்பதும் தெரிந்துவிடும். பிள்ளை நாளை வகுப்பில் கேட்கவேண்டிய வினாவும் அந்த இடத்தில்தான் உள்ளது.